சண்டைன்னா வா, சம்பளம்னா போ

ராசா, மகளிர் தினத்துக்கு நீ எழுதின மேடைப் பேச்சைப் படிச்சேன். கண்ணாடி போட்டே படிச்சேன். ‘வீர மங்கை’ன்னு ஏழு இடத்துல வருது, ‘குல விளக்கு’ன்னு நாலு இடத்துல வருது. ஒரு பொம்பளையோட பேர்தான் எங்கேயும் காணோம். பரவாயில்லை. நம்ம சங்கத்துல இதைவிட மோசமாப் பேசினவங்கல்லாம் தலைவர் ஆகியிருக்காங்க, நீயும் ஆயிடுவே.

ஆனா ஒரு கேள்வி கேட்டே பாரு, “பாட்டி, சண்டைக் காலத்துல நம்ம பொம்பளைங்க என்ன செஞ்சாங்க, ரெண்டு வரி சொல்லு”ன்னு. ரெண்டு வரி வேணும்னா வாட்ஸாப்புல கிடைக்கும். என்கிட்ட வந்தா ஒரு பொழுது ஆகும். உட்காரு. கோப்பி ஆறிப்போச்சுன்னா நீயே போய்ச் சுட வச்சுக்க. அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியும்ல?

முதல்ல நீ எந்தக் கட்சின்னு முடிவு பண்ணு. ஜப்பான்காரனை எதிர்த்த பொம்பளை கட்சியா, வெள்ளைக்காரனை எதிர்த்த பொம்பளை கட்சியா? முழிக்காதே. நம்ம ஈப்போ பக்கத்துலயே ரெண்டு பேரும் இருந்தாங்க. அதுவும் ஒரே வருசத்துல.

பாப்பான் போயிருக்கியா? பூசிங் பக்கம் இருக்கே, பாதிக் கடைவீடு இடிஞ்சு, செவுத்துல ஆலமரம் வேர் விட்டு நிக்குமே, அந்த ஊர். அங்க பெரிய தெருவுல 74-ஆம் நம்பர் வீடு. சண்டைக் காலத்துல அதுல இருந்தவங்க சிபில் கார்த்திகேசு. பேரைக் கேட்டா யாழ்ப்பாணத்துக்காரின்னு நெனைப்பே. அது வீட்டுக்காரர் பேரு, டாக்டர் கார்த்திகேசு. அந்த அம்மா பொறந்தது 1899-ல, சுமத்ராவுல மேடான்ல. அப்பா வீட்டுப் பேரு டேலி. தோட்டத் துரை, ஐரிஷ் ரத்தம் கலந்தவர். அம்மா பிரெஞ்சுக்காரக் கலப்பு, பிரசவம் பார்க்கிற மிட்வைப். பொண்ணு நர்ஸு. பேசினது கான்டனீஸு, ஈயலம்பச் சீனனே அசந்து போற மாதிரி. இப்ப சொல்லு, அந்த அம்மா எந்த இனம்? உங்க சங்கத்து உறுப்பினர் பாரத்துல அவங்களை எந்தக் கட்டத்துல டிக் பண்ணுவீங்க?

1926-லேர்ந்து ரெண்டு பேரும் ஈப்போ புரூஸ்டர் ரோட்டுல கிளினிக் வச்சிருந்தாங்க. இப்ப அது சுல்தான் இட்ரிஸ் ஷா ரோடு. 1941 டிசம்பர்ல ஈப்போ மேல குண்டு விழுந்ததும் பாப்பானுக்கு வந்துட்டாங்க. பகல்ல ஊர்க்காரங்களுக்கு வைத்தியம். ராத்திரி காட்டுக்குள்ள இருந்து கெரில்லாக்காரங்க பின்பக்கமா வருவாங்க, உடம்புல தோட்டாவோட. தோட்டாவை எடுத்து, தச்சு, விடியறதுக்குள்ள அனுப்பிடுவாங்க. அதோட வீட்டுல ரேடியோ ஒளிச்சு வச்சு லண்டன் செய்தி கேட்டாங்க. ரேடியோ வச்சிருந்தா தலை போகும். அதுக்கு ஜோசபின்னு ஒரு பேரும் வச்சாங்க. தலை போற விசயத்துக்குச் செல்லப் பேர் வைக்கிற ஆளை நான் வேற எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

1943-ல புடிச்சுட்டாங்க. கெம்பெய்தாய்னு ஒரு கூட்டம், ஜப்பான்காரனோட ராணுவப் போலீஸ். என்னென்ன செஞ்சாங்கன்னு மைக் முன்னால சொல்லாதே, சின்னப் பிள்ளைங்க இருப்பாங்க. ஒண்ணே ஒண்ணு உனக்குச் சொல்றேன். அவங்க கடைசி மகளை, சின்னப் பிள்ளை, மரத்துல தொங்கவிட்டு, கீழ நெருப்பு மூட்டி, “இப்ப சொல்றியா”ன்னு அந்த அம்மாவைக் கேட்டாங்க. அவங்க வாயைத் திறக்கலை. ஒரு கெரில்லா பேரைக்கூடச் சொல்லலை. கடைசியில அங்க இருந்த ஒரு ஜப்பான் அதிகாரியே பிள்ளையை இறக்கி விடச் சொல்லிட்டான். அப்புறம் பத்து காஜா ஜெயில். 1945-ல வெளிய வரும்போது முதுகெலும்பு போச்சு, தாடை போச்சு. வெள்ளைக்காரன் அவங்களை வைத்தியத்துக்குச் சீமைக்குக் கொண்டுபோய், ராஜா கையால ஜார்ஜ் மெடல் குத்திவிட்டான். இந்த மண்ணுல அந்த மெடல் வாங்கின ஒரே பொம்பளை அவங்கதான்.

சரி, இது ஒரு கட்சி. இன்னொண்ணுக்கு நம்ம லயத்துக்கு வா.

அப்ப நான் இடுப்புல இருந்த பிள்ளை. நான் சொல்றதெல்லாம் என் அம்மா வாய்வழி வந்ததுதான். ஜப்பான்காரன் வந்ததும் துரைமாருங்க வெறும் கையை வீசிக்கிட்டு சிங்கப்பூருக்கு ஓடிட்டாங்க. பால் வாங்க ஆள் இல்லை. பால்மரத்தை வெட்டிட்டு மரவள்ளிக்கிழங்கு போட்டாங்க. காலைல கிழங்கு, பகல்ல கிழங்கு, ராத்திரி கிழங்குத் தோல். துணி இல்லாம கோணிச் சாக்கைத் தச்சுக் கட்டினாங்க. ஆம்பளைங்களை லாரியில ஏத்திக்கிட்டு சயாம் ரயில் ரோட்டுக்குப் போனான். சம்பளம்னு சொன்னான், சாப்பாடுன்னு சொன்னான். போனவங்கள்ல உன் கொள்ளுத்தாத்தாவும் ஒருத்தர். திரும்பி வரலை. அந்த லயத்துல மிச்சம் நின்னது பொம்பளைங்களும் நண்டு சிண்டும்தான்.

அந்த நேரத்துலதான் 1943 ஜூலையில நேதாஜி சிங்கப்பூர் வந்தார். வந்ததும் வெள்ளைக்காரனை எதிர்க்கப் பொம்பளைப் படை வேணும்னார். கேட்ட ஆம்பளைங்க சிரிச்சிருப்பாங்க, உங்க செயற்குழு மாதிரி. அக்டோபர்ல முகாமே திறந்துட்டார். ஜான்சி ராணிப் படை. தலைமை டாக்டர் லட்சுமி, மெட்ராஸ்காரங்க. சேர்ந்தவங்க யாருன்னு நெனைக்கிறே? படிச்ச வீட்டுப் பிள்ளைங்களும் இருந்தாங்க. ஆனா ரொம்பப் பேரு தோட்டத்துல பால் வெட்டுன தமிழ்ப் பிள்ளைங்க. இந்தியாவைக் கண்ணால பார்க்காதவங்க. கையெழுத்துப் போடத் தெரியாதவங்க. முடியை வெட்டிக்கிட்டு, கால்சட்டை மாட்டிக்கிட்டு, துப்பாக்கி தூக்கினாங்க.

எதுக்குப் போனாங்கன்னு நீ கேக்கலை, நானே சொல்றேன். “பாரத மாதாவின் விலங்கை உடைக்க”ன்னு தாள்ல எழுதியிருக்கே. அதுவும் உண்மைதான். ஆனா என் அம்மா கூட நிரையில பால் வெட்டுன ஒரு பிள்ளை போச்சே, அது சொல்லிட்டுப் போனது வேற. “அக்கா, அங்க சோறு போடுறாங்களாம். அப்புறம், நம்மளை வாங்க போங்கன்னு கூப்பிடுறாங்களாம்.” தண்டலும் கிராணியும் வாடி போடின்னே கூப்பிட்டுப் பழகின காது அது. மரியாதைக்குப் பசி எடுத்தா வயித்துப் பசியை விட மோசம். அதை உன் தாள்ல எழுது.

படிச்ச பிள்ளைங்க பேரும் சொல்றேன். கோலாலம்பூர் ஜானகி தேவர், 1925-ல பொறந்தவங்க. வசதியான வீடு. நேதாஜி கூட்டத்துல காதுல கிடந்த தோட்டைக் கழட்டிக் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்து திட்டு வாங்கினாங்க. திட்டு வாங்கினதோட நிக்கலை, அப்பாவோட மல்லுக்கட்டிப் படையிலயும் சேர்ந்துட்டாங்க. லட்சுமிக்கு அடுத்த இடத்துக்கு வந்தாங்க. இன்னொருத்தர் நம்ம ஈப்போவுலயே 1927-ல பொறந்த ராசம்மா. பதினாறு வயசு. அக்கா பொன்னம்மாவும் கூடச் சேர்ந்தாங்க. பதினாறு வயசுல நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு எனக்குத் தெரியும், அதைச் சபையில சொல்ல வேண்டாம்.

பர்மா வரைக்கும் போனாங்க. முன்வரிசையில சுட விடலைன்னு ரத்தத்துல கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தாங்கன்னு சொல்வாங்க. 1945-ல படை பின்வாங்கினப்ப, ஆத்தையும் சேத்தையும் தாண்டி வாரக்கணக்குல நடந்து பாங்காக் வந்து சேர்ந்தாங்க. வழியில ரயில் மேல நடந்த தாக்குதல்ல ரெண்டு ராணிங்க செத்தாங்க. ஒருத்தி ஸ்டெல்லா, இன்னொருத்தி பேரு ஜோசபின். ஆமா, பாப்பான் ரேடியோவுக்கு வச்ச அதே பேருதான். ஒரு ஜோசபின் ஜப்பானுக்கு எதிரா லண்டன் செய்தி பேசினா, ஒரு ஜோசபின் ஜப்பான்காரன் பக்கத்துல நின்னு லண்டனுக்கு எதிரா செத்தா.

இப்ப நீ என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும். பெரிய அதிகாரிங்க வந்திருந்தா சிபில் அம்மாவைத் தூக்கிப் பேசுவே. இந்தியத் தூதரகத்து ஆளு வந்திருந்தா ராணிப் படையைத் தூக்குவே. ரெண்டு பேரும் வந்திருந்தா, இருக்கவே இருக்கு, ‘வீர மங்கை’.

உன் தங்கச்சி யுனிவர்சிட்டியில சரித்திரம் படிக்கிறாளே, லீவுக்கு வந்தப்ப ஒரு புத்தகத்தை எனக்கு வாசிச்சுக் காட்டினா. வெள்ளைக்காரன் நாட்டுப் பொம்பளைங்க கதை. பக்கத்துப் பக்கத்துத் தீவு, இங்கிலாந்தும் அயர்லாந்தும். அங்கேயும் இதே கூத்துதான்டா! எனக்குச் சிரிப்பு தாங்கலை.

1914-ல முதல் சண்டை. அதுக்கு முன்னால இங்கிலாந்துப் பொம்பளைங்க ஓட்டு கேட்டுக் கடைக் கண்ணாடியெல்லாம் உடைச்சாங்க. ஜெயில்ல சாப்பிட மாட்டேன்னாங்க. சண்டை வந்ததும் அவங்க தலைவி எம்மலின் பாங்கர்ஸ்ட், “சண்டை முடியட்டும், அப்புறம் ஓட்டு”ன்னு நிறுத்திட்டு, ஆம்பளைங்களைப் பட்டாளத்துக்கு அனுப்பக் கிளம்பிட்டாங்க. பிள்ளைங்க குண்டு செய்யிற ஆலைக்குப் போச்சு. வெடிமருந்து பட்டுத் தோலெல்லாம் மஞ்சளாப் போச்சாம். நாம பூசுற மஞ்சள் இல்லை, ஈரலைத் தின்னுற மஞ்சள். சண்டை முடியிற 1918-ல கவர்மெண்டு நன்றி சொல்லி ஓட்டு கொடுத்துச்சு. யாருக்கு? முப்பது வயசுக்கு மேல, அதுவும் சொத்து பத்து பார்த்து. மஞ்சளாப் போன பிள்ளைங்க நெறைய பேருக்கு இருபது வயசுதான். கூலி கொடுக்கிற கை அங்கேயும் நம்ம கிராணி கை மாதிரிதான் இருந்திருக்கு.

கடல் தாண்டி அயர்லாந்துப் பொம்பளைங்க அதே ராஜாவுக்கு எதிரா நின்னாங்க. அவங்களுக்கு 1914-லயே தனிப் படை, குமன் நா மன்னு பேரு. 1916 ஈஸ்டர் கலகத்துல டப்ளின் தெருவுல சேதி கொண்டுபோனாங்க, தோட்டா கொண்டுபோனாங்க, சுட்டாங்க. கலகம் தோத்தப்ப, குண்டு பறக்கிற தெருவுல வெள்ளைக் கொடியைப் புடிச்சுக்கிட்டு சரணடையப் போனது ஒரு நர்ஸு, எலிசபெத் ஓ’ஃபாரல். தலைவர் சரணடையிறதை ஒருத்தன் படம் எடுத்தான். அந்த அம்மா அவருக்கு அந்தப் பக்கம் நின்னதால ஆளு மறைஞ்சு, கால் மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் அச்சுல வந்த படத்துல அந்தக் காலையும் அழிச்சுட்டானுங்க! நல்லவேளை, உங்க பேனர்ல பொம்பளைப் படமே போடலை, அழிக்கிற வேலை மிச்சம்.

அந்தக் கலகத்துல எல்லா இடத்துலயும் பொம்பளைங்க நின்னாங்க, ஒரு தளபதியைத் தவிர. “என் இடத்துக்குப் பொம்பளை வேண்டாம்”னு திருப்பி அனுப்பினவர் பேரு டி வலேரா. பேரை ஞாபகம் வச்சுக்க, திரும்ப வருவார்.

மார்க்கியெவிச்னு ஒரு சீமாட்டி. துப்பாக்கியோட நின்னு, தூக்குத் தண்டனை வாங்கி, பொம்பளைங்கிறதால உயிர் பிழைச்சவங்க. 1918 டிசம்பர் தேர்தல்ல ஜெயில்ல இருந்துகிட்டே லண்டன் பார்லிமெண்டுக்கு ஜெயிச்ச முதல் பொம்பளை. ஜெயிச்சும் போகலை. ராஜா பேர்ல சத்தியம் பண்ண மாட்டோம்னு அவங்க கட்சியே போகலை. மறுவருசம் நான்சி ஆஸ்டர்னு ஒரு பணக்கார அம்மா ஜெயிச்சுப் போய் உட்கார்ந்தாங்க. அமெரிக்காவுல பொறந்தவங்க, வீட்டுக்காரர் பிரபு சபைக்குப் போனதால காலியான நாற்காலி. மொதல்ல கதவைத் திறந்தவ ஒருத்தி, உள்ள போய் உட்கார்ந்தவ இன்னொருத்தி. நம்ம கோயில் கமிட்டியில நடக்காததா?

இப்பத்தான் வேடிக்கை. அயர்லாந்து தனி நாடாச்சு. 1922-ல ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே வயசுல ஓட்டு. இங்கிலாந்துக்காரிக்கு அது 1928-லதான். சரி, கலகக்காரி ஜெயிச்சுட்டான்னு நான் கைதட்டப் போனேன். உன் தங்கச்சி, “இரு பாட்டி, இன்னும் பக்கம் இருக்கு”ன்னா. அதே டி வலேரா 1937-ல அரசியல் சட்டம் எழுதினார். பொம்பளை வீட்டுல இருந்து நாட்டுக்குச் செய்யிற உதவி பெருசு, அதனால அம்மாமாருங்க வீட்டுக் கடமையை விட்டுட்டு வேலைக்குப் போற கதி வராம அரசாங்கம் பார்த்துக்கும்னு எழுதி வச்சார். படிக்க இனிக்குது, இல்ல? கல்யாணம் ஆனா அரசாங்க வேலையை விட்டுப் போயிடணும்ங்கிற விதி 1973 வரைக்கும் அங்க இருந்துச்சு. மார்க்கியெவிச் 1919-லயே அவங்க சபையில மந்திரி ஆனாங்க. அடுத்த பொம்பளை மந்திரி எப்ப வந்தாங்க தெரியுமா? 1979-ல. அறுபது வருசம்! நாற்காலியில தூசி தட்டக்கூட ஆள் வரலை.

அந்தச் சட்டவரியை மாத்தலாமான்னு 2024-ல ஜனங்களைக் கேட்டாங்க. நாள் பார்த்தே வச்சாங்க, மார்ச் 8. மாத்தி எழுதினது புடிக்கலைன்னு பாதிப் பேரு, ஏன் மாத்தணும்னு பாதிப் பேரு, எல்லாம் சேர்ந்து முக்கால்வாசி வேண்டாம்னு போட்டுட்டாங்க. அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கு.

நமக்கு எதுக்கு அயர்லாந்துக் கதைன்னு கொட்டாவி விடாதே. சிபில் அம்மா அப்பன் வழியில அயர்லாந்து ரத்தம்னு சொன்னேன்ல. ராணிப் படைப் பக்கமும் பாரு. மார்கரெட் கசின்ஸ்னு ஒரு ஐரிஷ் அம்மா. ஓட்டு கேட்டு லண்டன்லயும் அயர்லாந்துலயும் ஜெயிலுக்குப் போனவங்க. 1915-ல இந்தியா வந்தாங்க. 1917-ல அடையாறுல அன்னி பெசன்ட் அம்மாவோட சேர்ந்து இந்திய மாதர் சங்கம் ஆரம்பிச்சாங்க. அதுல கூட நின்னவங்கள்ல அம்மு சுவாமிநாதன் ஒருத்தர். அம்மு யாரு? ராணிப் படை லட்சுமியைப் பெத்தவங்க. பாப்பான்ல ராஜாவுக்காக உதை வாங்கின கையிலயும், பர்மாவுல ராஜாவுக்கு எதிரா துப்பாக்கி தூக்கின கையிலயும் அந்தச் சின்னத் தீவோட நூல் ஒண்ணு சுத்தியிருக்கு. இதைச் சபையில சொன்னா ஒருத்தரும் கைதட்ட மாட்டாங்க. ஆனா பின்வரிசையில இருக்கிற ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய் தேடிப் படிக்கும். உனக்கு எது வேணும்?

சண்டை முடிஞ்சப்ப நம்ம ஊர்ல என்ன நடந்துச்சுன்னா, ராணிங்க துப்பாக்கியைக் கொடுத்துட்டு உளியை வாங்கிக்கிட்டாங்க. அதே தோட்டம். அதே பெரட்டுக் களம், விடியக்காலை இருட்டுல வரிசை. ஓடிப்போன துரை திரும்பி வந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி தொப்பியை மாட்டிக்கிட்டார். சண்டைக்கு முன்னால, கட்டுப்படியான காலத்துல, ஆம்பளைக்கு நாள் கூலி 50 காசு, பொம்பளைக்கு 40. அதே மரம், அதே மங்கு, அதே காண்டா வாளி. மரத்துக்கு வெட்டுறது ஆணா பொண்ணான்னு தெரியாது. கணக்கெழுதுற கிராணிக்கு மட்டும் தெரியும். அந்தப் பத்துக் காசு ஏன் குறையுதுன்னு கேட்டா, “நீ வீட்டுக்குப் போய் சமைக்கணும்ல”ம்பான். சமைச்சதுக்கு யாரு கூலி கொடுத்தா?

அப்புறம் 1948. நம்ம சுங்கை சிப்புட்டை உலகமே தெரிஞ்சுக்கிட்ட வருசம். ஜூன் 16 காலையில எல்பில் தோட்டத்துல வாக்கர் துரையைச் சுட்டாங்க. பின் சூன் தோட்டத்துல அலிசனையும் கிறிஸ்டியனையும் சுட்டாங்க. அவசரகாலம் வந்துச்சு, பன்னெண்டு வருசம் ஓடுச்சு. சுட்டது யாரு? ஜப்பான்காரன் காலத்துல வெள்ளைக்காரனே ஆயுதம் கொடுத்து வளர்த்த அதே காட்டுக்காரங்க. பாப்பான்ல சிபில் அம்மா ராத்திரி ராத்திரியா தோட்டா எடுத்துத் தச்சு அனுப்பினாங்களே, அந்தக் கூட்டம்தான். அந்த அம்மா சீமையிலயே ஜூன் 12-ஆம் தேதி கண்ணை மூடிட்டாங்க. நாலே நாள் வித்தியாசம். சாகறதுலயும் நேரம் பார்த்துத்தான் செத்தாங்க. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா, மெடல் கொடுத்தவனே வந்து, “யாருக்கெல்லாம் அம்மா தையல் போட்டீங்க”ன்னு பேர் பட்டியல் கேட்டிருப்பான். அந்த அம்மா கெம்பெய்தாய்க்கே கொடுக்காத பட்டியல், இவனுக்கா கொடுப்பாங்க? முதல்ல ஸ்காட்லாந்துல புதைச்சு, 1949-ல ஈப்போவுக்குக் கொண்டுவந்து, கத்தோலிக்க இடுகாட்டுல வச்சாங்க. ஒருநாள் போய்ப் பாரு. பூ வாங்கிட்டுப் போ, பேனர் வேண்டாம்.

அவசரகாலத்துல தோட்டத்துப் பொம்பளைக்கு என்ன மெடல் கிடைச்சுது தெரியுமா? முள்வேலி கேட்டுல நிறுத்தி மடியைத் தடவிப் பார்த்தாங்க, அரிசி முடிஞ்சு கொண்டுபோறியான்னு. நிரைக்குச் சோறு கொண்டுபோகக் கூடாது. வெறும் வயித்தோட வெட்டு, மத்தியானம் வந்து சாப்பிடு. எனக்கு அதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. எங்க அம்மா கேட்டுல நிக்கும்போது கையை ரெண்டு பக்கமும் விரிச்சு, வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கும். தடவறவளை ஒரு நாளும் திரும்பிப் பார்க்காது.

சரி, மூஞ்சியைத் தூக்கிக்காதே, நல்லதும் சொல்றேன். ஜானகி தேவர் சும்மா இருக்கலை. 1946-ல மலாயா இந்தியர் காங்கிரஸ், அதான் ம.இ.கா., ஆரம்பிச்சப்ப முன்னால நின்னாங்க, பிற்பாடு மேலவைக்கும் போனாங்க. 2000-ல இந்தியா பத்மஸ்ரீ கொடுத்துச்சு. ராசம்மா பூபாலன் டீச்சர் ஆனாங்க. துப்பாக்கி புடிச்ச கையில சாக்குக்கட்டி. அவங்க என்ன செஞ்சாங்கன்னு பாரு, இதுதான் நான் இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சு வந்த இடம். ‘நான் நேதாஜி படையில இருந்தவ’ன்னு மாலை வாங்கிக்கிட்டுத் திரியலை. 1960-ல பெண் ஆசிரியர் சங்கம் ஆரம்பிச்சு, சம்பளத்தைக் கேட்டாங்க. ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஆம்பளை வாத்தியாருக்கு ஒண்ணு, டீச்சருக்கு ஒண்ணு ஏன்னு கேட்டாங்க. அறுபதுகள் முழுக்கக் கேட்டுக்கிட்டே இருந்து, கடைசியில அரசாங்கத்தை ஒத்துக்க வச்சாங்க. ஜப்பான்காரன், வெள்ளைக்காரன், பர்மாக் காடு எல்லாம் பார்த்த பொம்பளைக்கு, சம்பளக் கமிட்டி முன்னால உட்காரப் பயமா இருந்திருக்கும்னு நெனைக்கிறே?

வெள்ளைக்காரன் மெடல் கொடுத்தான். நேதாஜி பட்டாளத்துச் சட்டை கொடுத்தார். அந்தப் பத்துக் காசை ரெண்டு பேருமே கொடுக்கலை. அது சங்கத்துல சந்தா கட்டி, கணக்குக் கேட்டு, கேட்டுக்கிட்டே இருந்து வாங்கினது. இதைப் பேசுடான்னா நீ குல விளக்கைப் பேசிக்கிட்டு இருக்கே. விளக்குக்கு எண்ணெய் யாரு ஊத்துறதுன்னு ஒரு வார்த்தை இல்லை.

நம்ம சுங்கை சிப்புட்டுக்கே வா. 1954-ல மகாத்மா காந்தி கலாசாலையைத் திறக்க யாரு வந்தாங்க? விஜயலட்சுமி பண்டிட். ஐ.நா. பொதுச்சபைக்கே தலைமை தாங்கின முதல் பொம்பளை, இந்தச் சின்ன ஊருக்கு வந்து பள்ளிக்கூடம் திறந்தாங்க. சம்பந்தன் ஐயா சொந்தக் காசு போட்டுக் கட்டின பள்ளிக்கூடம். அந்த ஐயா மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. தோட்டம் தோட்டமா வந்து கூட்டுறவுச் சங்கத்துல சேருங்கன்னு கேட்டப்ப, அரிசிப் பானையில ஒளிச்சு வச்ச காசை எடுத்துக் கொடுத்தவங்கள்ல நானும் ஒருத்தி. ஆனா பள்ளிக்கூடம் திறந்த பொம்பளையைப் பார்த்துக் கைதட்டின ஊரு, பார்லிமெண்டுக்கு அனுப்பினது யாரை? 1959-லேர்ந்து சம்பந்தன். 1974-லேர்ந்து 2008 வரைக்கும் சாமிவேலு. அப்புறம் டாக்டர் ஜெயக்குமார். 2018-லேர்ந்து கேசவன். ஒரு பொம்பளை பேர் சொல்லு பார்ப்போம். அறுபது வருசத்துக்கு மேல ஓட்டுப் பெட்டிக்குப் போய் வரிசையில நின்னதுல பாதி நாங்க. மழை பேஞ்சாலும் குடை புடிச்சுக்கிட்டு நின்னோம். கட்சிக்காரன் வேன் அனுப்புவான், ஏறுறதுக்கு. ஏறினவ மேடைக்கு ஏறணும்னா மட்டும் வேன் வராது.

அந்த ஐரிஷ்காரன் அறுபது வருசம் ஒரு மந்திரி தேடினான்னு சிரிச்சோமே, நம்ம தொகுதிக்கு நாம இன்னும் ஒரு பொம்பளையைத் தேடக்கூட ஆரம்பிக்கலை.

அதனால இப்ப ஒண்ணு செய். அந்தத் தாளைக் கிழி. கிழிக்க மனசு வரலைன்னா மடிச்சு சட்டைப் பையில வை, தலைவர் பதவிக்கு நிக்கும்போது உதவும். மேடையில ஏறி, சிபில் பேரைச் சொல்லு, ராசம்மா பேரைச் சொல்லு, ஜானகி பேரைச் சொல்லு. ரெண்டு கட்சியும் ஒரே மூச்சுல வரட்டும், முன்வரிசையில இருக்கிறவங்க முகம் எப்படிப் போகுதுன்னு பார்த்துக்கிட்டே சொல்லு. யாரு நல்லவ, யாரு துரோகின்னு தீர்ப்பு சொல்லாதே, அதுக்கு உனக்கு வயசு பத்தாது. ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தப்ப என்ன கிடைச்சுதுன்னு மட்டும் கேளு. அப்புறம், அன்னைக்கு மண்டபத்துக்குப் பின்னால வடை சுடுறவங்களுக்கு எவ்வளவு கொடுக்கிறீங்கன்னு கேளு. பந்தல்காரனுக்கு, மைக்செட்காரனுக்கு, பேனர்காரனுக்கெல்லாம் ரசீது இருக்கு. வடைக்கு என்ன இருக்கு? ‘தாய்மாரின் அன்பளிப்பு’ன்னு எழுதியிருக்கும். நான் பார்த்திருக்கேன், போன வருசக் கணக்குப் புத்தகத்தை. எப்படிப் பார்த்தேன்னு கேக்காதே.

அப்படியே இன்னொரு சேதி. ஆண்டுக் கூட்டம் அடுத்த மாசம்தானே? பொருளாளர் பதவிக்கு உன் தங்கச்சி பேரை நான் முன்மொழியப் போறேன். வழிமொழிய ஆள் சொல்லி வச்சாச்சு. வடை சுடுற கூட்டம் அத்தனை பேரும் இந்த வருசம் சந்தா கட்டி, ரசீது வாங்கி, உறுப்பினர் ஆயிட்டாங்க. அவங்க ஓட்டு எத்தனைன்னு நானும் எண்ணிட்டேன், உங்க தலைவர் இன்னும் எண்ணலை. அந்தப் பதவிக்கு நீயும் நிக்கிறதா ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. நில்லு ராசா, தாராளமா நில்லு. ஆனா பாட்டி ஓட்டு நமக்குத்தான்னு வெளிய யார்கிட்டேயும் சொல்லி வைக்காதே.